இந்தியா "ந்தியா" ஆன கதை

இது கொஞ்சம் நீளமான இழை. மருத்துவப் பதிவு இல்லை, ஆனா ஒரு நோயாளிகிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது. டீ ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

குத்தம்பாக்கத்தில் இருந்து என்னிடம் வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கார். மாத்திரை ஒருநாள் தவறாமல் போடுகிற ஆள். போன தடவை வந்தபோது பிரஷர் 170/100. "என்ன ஐயா, தூக்கம் இல்லையா?" என்று கேட்டேன். சட்டைப் பையில் இருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதுல எங்க ஊரு இருக்கு தம்பி. திறக்க மாட்டேங்குது."

விஷயம் இதுதான். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் தன் ஊரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஏரி, கரை, பள்ளிக்கூடம், கோடையில் யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம். 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரான பொறியாளர் இளங்கோ ரங்கசாமி காலத்தில், தலித் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் அங்கே கட்டினார்கள் இல்லையா, அப்போது தெருவில் யார் என்ன பேசினார்கள் என்பது உட்பட. அந்தப் பேச்சை எல்லாம் வேறு யாரும் எழுதி வைத்திருக்க வாய்ப்பே இல்லை.

பாதியைப் பூந்தமல்லியில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்தார். மீதியைச் சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் அடித்து மெயிலில் அனுப்பினான். கையெழுத்து நோட்டுகள் 2015 வெள்ளத்தில் ஊறிப் போயிடுச்சு. மிச்சம் இந்த இரண்டு ஃபைல்கள்தான்.

கிளினிக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். முதல் ஃபைலில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் எறும்புப் புற்று மாதிரி. இரண்டாவதில், தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

"வைரஸா தம்பி?" என்றார்.

வைரஸ் இல்லை. ஆனா இது ஒரு பழைய நோய். 90-களில் தமிழ்க் கணினி உலகத்தையே படுத்தி எடுத்த நோய். அதோட கேஸ் ஹிஸ்டரியைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

-

முதலில் உடற்கூறு.

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். நீங்க ஒரு எழுத்தை அடித்தால் அது ஒரு எண்ணைச் சேமிக்கும். அந்த எண்ணுக்குத் திரையில் என்ன உருவம் வரையணும் என்று சொல்வது எழுத்துரு, அதாவது ஃபான்ட். ஆங்கிலத்துக்கு எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல் 1963-லேயே வந்துவிட்டது. ஆஸ்கி என்று பெயர். பெரிய 'ஏ' என்றால் 65.

தமிழுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற பட்டியல் ஒன்று அப்போது புழக்கத்தில் இல்லை. ஆனா ஜனங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும், நோட்டீஸ் அடிக்கணும், பேப்பர் நடத்தணும். காத்திருக்க முடியுமா? ஃபான்ட் செய்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எண்களுக்கே தமிழ் முகமூடி மாட்டிவிட்டார்கள்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் கொடிகட்டிப் பறந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்குங்க. அதில் "தமிழ்" என்று வர நீங்க தட்டும் விசைகள்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கம்ப்யூட்டர் சேமிப்பது 106, 107, 112, 111, 59. அதாவது அது நினைப்பதெல்லாம் நீங்க ஏதோ அர்த்தமில்லாத இங்கிலீஷ் அடித்தீர்கள் என்றுதான். திரையில் மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முகமூடி கழன்று விழும்.

வாத்தியாரின் முதல் ஃபைலில் அந்த ஐந்து குறிகளும் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. டயக்னோசிஸ் அரை நிமிஷத்தில் முடிந்தது.

-

இங்கே நிறுத்தி, என் தொழிலில் இருந்து ஒரு பொருளைக் காட்டுகிறேன்.

உங்களுக்கு ஊசி போடும்போது கவனித்திருக்கிறீர்களா? சிரிஞ்ச் ஒரு கம்பெனி, ஊசி வேற கம்பெனி. ஆனாலும் கச்சிதமாகப் பொருந்தும். காரணம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் லூயர் என்ற கருவிக் கம்பெனி கொண்டுவந்த முனை. 6 சதவீதச் சரிவு கொண்ட ஒரு சின்னக் கூம்பு. உலகம் முழுக்க அந்தச் சரிவை ஏத்துக்கிட்டாங்க. அதனால் கம்பெனிகள் ஊசியின் கூர்மையில் போட்டி போடலாம், விலையில் போட்டி போடலாம். முனையில் போட்டி கிடையாது.

இதற்கு நேர் எதிர் இன்சுலின் பேனா. ஒரு கம்பெனி மருந்துக் குழல் இன்னொரு கம்பெனி பேனாவில் போகாது. பேனாவை இலவசமாகவே கொடுப்பார்கள். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

(ஒரு கிளைக்கதை. எல்லாமே எல்லாவற்றிலும் பொருந்துவதும் ஆபத்துதான். மூக்குக் குழாயில் போக வேண்டிய உணவு ரத்தக்குழாயில் ஏறி ஆட்கள் இறந்திருக்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே முனை என்பதால். அதனால் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் வேற முனை என்று புதிய ஐஎஸ்ஓ தரம் வந்திருக்கு. எதை ஒன்றாக வைக்கணும், எதைப் பிரித்து வைக்கணும் என்பதில்தான் மொத்தச் சிக்கலும்.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஒரு பட்டறை போல்ட்டில் இன்னொரு பட்டறை நட்டு ஏறணும். மரையில் ஆளுக்கொரு கணக்கு வைத்தால் எஸ்டேட்டையே மூட வேண்டியதுதான்.

தமிழ்க் கணினியில் 90-களில் நடந்தது அதுதான். மரையிலேயே போட்டி.

-

ஏன் அப்படி ஆச்சு? யாரோ வில்லன் செய்த வேலை என்று நினைக்காதீங்க. இடப் பற்றாக்குறை.

அன்றைய கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துக்கு 8 பிட். மொத்தம் 256 இடம். கீழ்ப்பாதி 128 ஆங்கிலத்துக்குப் போயிடுச்சு. மேலே மிச்சம் 128. தமிழுக்கோ 247 எழுத்து. துணைக்கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனா கு, கூ, சு, சூ என்று உகர வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு தனி உருவம். அவற்றுக்குத் தனி இடம் வேணும். நல்லவேளை, 1978-ல் எம்.ஜி.ஆர் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, லை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்களை விட்டுவிட்டது. இல்லாட்டி இன்னும் நெருக்கடி.

இந்த 128 இடத்தில் எந்த உருவத்தை எங்கே உட்கார வைப்பது? ஆளுக்கொரு திட்டம். லோசான் நகரத்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் 'வானவில்' பரவியது. பத்திரிகைகள் தங்களுக்கென்று தனித்தனி ஃபான்ட் வைத்துக்கொண்டன.

இதில் வியாபாரக் கணக்கும் இருந்ததை மறைக்க வேண்டாம். ஒரு ஆபீஸ் ஐந்து வருஷக் கோப்புகளை உங்க ஃபான்டில் அடித்துவிட்டால் ஆறாவது வருஷம் அவங்க எங்கே போவாங்க? இன்சுலின் பேனா கதைதான்.

40 வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்தைத் திறந்தால் முதலில் வருவது செய்தி இல்லை, "எழுத்துருவைத் தரவிறக்கவும்". அடுத்த பத்திரிகைக்குப் போனால் அதற்கு வேறொன்று. பாதி நேரம் அதிலேயே போயிடும், காசும் ஏறிட்டே இருக்கும்.

தேடுதல்? வாய்ப்பே இல்லை. ஒரே வார்த்தை பத்து எழுத்துருவில் பத்து விதமான எண்கள். எந்தத் தேடுபொறிக்கு அது ஒரே வார்த்தை என்று தெரியும்?

-

முதலில் முழித்துக்கொண்டவர்கள் வெளிநாட்டுத் தமிழர்கள்தான். காரணம் எளிமையானது. ஊரில் இருப்பவன் அடித்து, அச்சிட்டு, காகிதமாகக் கொடுத்துவிடுவான். கடல் கடந்து இருப்பவனுக்குக் கடிதமே மெயில்தான். அனுப்பியது அந்தப் பக்கம் குப்பையாகப் போய்ச் சேர்ந்தால்?

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணையத்துக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார். அதே காலத்தில், சிட்னியில் இருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவில் பெரிய வாக்குவாதம். சுவிட்சர்லாந்து, மலேசியா, அமெரிக்கா, இலங்கை என்று ஒவ்வொரு மூலையில் இருந்தும் ஆட்கள். எந்த எழுத்து எந்த எண்ணில் உட்காரணும் என்று மாசக்கணக்கில் மெயிலிலேயே சண்டை போட்டு, ஒரு பட்டியலைச் செய்தார்கள். அதன் பெயர் டிஸ்கி.

அரசு உத்தரவு கிடையாது. சம்பளம் கிடையாது. அந்தக் காலத்தில்தான், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தை எல்லாம் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் போட ஆரம்பித்தது. அதைச் செய்தவர்களும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான். இன்னைக்கு நீங்க சங்கப்பாட்டு ஒன்றை ஃபோனில் தேடி எடுக்கிறீர்கள் என்றால் அதில் அவங்க விரல்வலி இருக்கு.

அடுத்து 1999 பிப்ரவரி 7, 8. சென்னையில் தமிழக அரசே மாநாடு நடத்தியது. முதல்வர் கலைஞர். எண் பட்டியலுக்கும் விசைப்பலகைக்கும் ஒரு முடிவு கட்டுவது என்று உலகத் தமிழர்கள் எல்லாம் வந்தார்கள்.

விசைப்பலகையில் நல்ல முடிவு வந்தது. தமிழ்99. இடது கையில் உயிர், வலது கையில் மெய். 'ம' இரண்டு தடவை தட்டினால் முதல் 'ம'வுக்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும். தமிழின் இலக்கணத்தையே விசையில் வைத்த வேலை அது. நான் இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறேன், இந்த இழை உட்பட.

எண் பட்டியலில்தான் வழுக்கியது. ஒன்றுக்குப் பதில் இரண்டு வந்தன. ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத 'டாப்', அச்சுத் தொழிலுக்குத் தமிழ் மட்டும் 'டாம்'. இரண்டுமே டிஸ்கி இல்லை. ஆக, மாநாட்டுக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு தரம் இருந்தது. மாநாட்டுக்குப் பிறகு வெளிநாட்டில் ஒன்று, உள்நாட்டில் இரண்டு, அரசு ஆபீஸ் பலவற்றில் அப்போதும் வானவில். ஜூனில் அரசாணை வந்தது. ஆணை ஃபைலில் இருந்தது, ஃபைல் பழைய ஃபான்டில் இருந்தது என்று நாங்கள் கேலி செய்வோம்.

நா. கோவிந்தசாமி அந்த வருஷமே, மே மாதத்தில், இறந்துவிட்டார். 2000-ல் சிங்கப்பூரில் உத்தமம் என்ற உலக அமைப்பு உருவாகி, பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் அதற்கு முதல் தலைவரானதை அவர் பார்க்கவில்லை.

-

இத்தனை சண்டைக்கும் நடுவில் ஒரு ஆள் ஓரமாக உட்கார்ந்துகொண்டே இருந்தான். யூனிகோடு.

1991-லேயே வந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல். தமிழுக்கு 128 இடம் கொடுத்திருந்தார்கள். "தமிழ்" என்றால் 2980, 2990, 3007, 2996, 3021. எந்த எழுத்துரு போட்டாலும், எந்த நாட்டில் திறந்தாலும் இதே ஐந்து எண்.

அப்புறம் ஏன் யாரும் சீண்டலை? முதலாவது, அதை வாசிக்கத் தெரிந்த கம்ப்யூட்டர் வீடுகளில் கிடையாது. விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. அதற்கு முன்னால் யூனிகோடு என்பது மருந்துக்கடையில் இல்லாத மருந்தைச் சீட்டில் எழுதின மாதிரி.

இரண்டாவது, வருத்தம். அந்த வருத்தம் நியாயமானதும்கூட. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய அரசு எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவாகச் செய்த இஸ்கி பட்டியலை வைத்துச் செய்தது. இந்தியில் நாலு 'க' இருக்கு, தமிழில் ஒன்றுதான். அதனால் தமிழ்ப் பகுதியில் காலி நாற்காலிகள் வரிசையாக நிற்கும். இன்னொரு பக்கம் 'மி' என்ற ஒரு எழுத்துக்கு இரண்டு எண் செலவாகும். எண் வரிசை அகராதி வரிசையும் இல்லை: 'ந'வுக்கு அடுத்து 'ன' வந்து நிற்கும். இடத்தைக் காலியாக விட்டுவிட்டு என் எழுத்தை ஏன் உடைக்கிறாய் என்று தமிழறிஞர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுக்கும் 16 பிட் திட்டம் ஒன்றைத் தமிழக அறிஞர்கள் செய்தார்கள். டேஸ்16 என்று பெயர். பொறியியலாகப் பார்த்தால் எனக்கு அதுதான் அழகு. ஆனால் யூனிகோடில் ஒருமுறை ஒரு எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டால் மாற்ற மாட்டார்கள். அந்தப் பிடிவாதத்தில்தான் அதன் உயிரே இருக்கு. நாளைக்கே எண் மாறும் என்றால் இன்று எழுதினவன் கதி? 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அது ஓடாத இடங்களுக்கு டேஸ்16.

உண்மையைச் சொன்னால், ஆணை வருவதற்குள் ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில் தொடங்கியாச்சு. வலைப்பதிவுகள் யூனிகோடில். கூகுளில் தேடினால் யூனிகோடில் எழுதியது மட்டும் மாட்டுது. எழுதுகிறவனுக்கு வேறென்ன வேணும்? தன்னை நாலு பேர் கண்டுபிடிக்கணும். விஸ்வநாதனின் அழகி, முகுந்தின் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று எழுதும் கருவிகள் இலவசமாகவே கிடைத்தன.

இங்கேதான் போட்டியின் அழகைப் பாருங்க. எண் ஒன்றான பிறகு போட்டி செத்துப் போயிடுச்சா? இப்பத்தான் ஜோரா நடக்குது. நான் தமிழ்99-ல் அடிப்பேன். என் மகள் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் தமிழாக்குவாள். வாத்தியார் ஃபோனிடம் பேசுவார், அது எழுதும். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-லேயே கைபேசிக்கு வந்துவிட்டது. இன்னைக்கு அதுவும் கூகுள் விசைப்பலகையும் ஒரே ஃபோனில் ஒன்றுக்கொன்று போட்டி. மூன்று பேரும் எழுதியது போய்ச் சேரும்போது ஒரே எண்கள்தான். சிரிஞ்ச் எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, முனை ஒன்றுதானே.

என் கருத்து இது: அடித்தளத்தைப் பூட்டி வைத்து வியாபாரம் செய்வதை நான் போட்டி என்று சொல்ல மாட்டேன். சிறந்த பட்டியலுக்காகக் காத்திருந்த வருஷங்களில், சுமாரான ஒன்றைச் சீக்கிரமே ஒத்துக்கொண்டிருந்தால், வாத்தியார் மாதிரி எத்தனை பேர் எழுதினது பிழைச்சிருக்கும்? டேஸ்16 ஆதரவாளர்கள் கமெண்டில் வந்து திட்டலாம், தாராளமா.

-

வாத்தியார் கேஸுக்கு வர்றேன்.

முதல் ஃபைல் சுலபம். ஜெர்மனியில் இருந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' என்று ஒரு எழுத்துமாற்றி செய்து இணையத்தில் போட்டிருந்தார். அப்புறம் அதே மாதிரி நிறைய மாற்றிகள் வந்துவிட்டன. அப்படி ஒன்றில் பழையதை ஒட்டினால் யூனிகோடு கொட்டும். எறும்புப் புற்று கண்ணெதிரே ஏரிக்கரையாக மாறியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஃபைல், மகன் அனுப்பியது, டிஸ்கி. அதுவும் மாறியது. ஆனா படிக்கும்போது ஏதோ உதைக்குது. "ந்த ஊரில்". "ரண்டு குடும்பங்களும்". "ந்தியா சுதந்திரம் அடைந்தபோது". வார்த்தை முதலில் வரும் 'இ' மொத்தமாகக் காணோம், ஒரு இடத்தில்கூட இல்லை.

காரணம் தேடினேன். டிஸ்கியில் 'இ'க்குக் கொடுத்த இடம் 173. ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் 173 என்பது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. வரி உடையும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் கோடு. வழியில் எந்த மென்பொருளோ அதைத் தேவையில்லாத கோடு என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டது. பிற்பாடு இந்தச் சிக்கல் தெரிந்து, டிஸ்கியில் 'இ'க்கு இன்னொரு இடமும் சேர்த்தார்கள். மகனின் மெயில் அதற்கு முந்தையது போலிருக்கு.

இதை எந்த மாற்றியும் சரி செய்யாது. இல்லாத எண்ணை எங்கிருந்து கொண்டுவரும்?

"ஆள் வெச்சு சரி பண்ணிடலாமா ஐயா?" என்றேன்.

"எதுக்கு தம்பி? எழுத்துப் பிழை திருத்துறதுதானே நாப்பது வருஷமா எனக்கு வேலை."

இப்போது வாரம் இரண்டு நாள் கிளினிக்குக்கு வருகிறார். டோக்கன் எடுப்பதில்லை. ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பேரன் கொடுத்த ஃபோனில், ஒவ்வொரு 'இ'யாகத் தேடிச் சேர்க்கிறார். பிரஷர் நேற்று 140/86. இரட்டை வீட்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. அதில் மட்டும் "இரண்டு" என்ற வார்த்தை எண்பதுக்கு மேல் வருதாம், கணக்கு வெச்சிருக்கார். இன்னும் பதினோரு பக்கம் பாக்கி.

உங்க வீட்டு அலமாரியில் பழைய சிடி, ஃப்ளாப்பி, பென்டிரைவ் ஏதாவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்க. ஃபைலைத் திறந்ததும் எழுத்துரு பெயர் என்ன காட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்குங்க. மாற்றுவதற்கு முன்னால் அசல் ஃபைலைத் தனியாக ஒரு நகல் எடுத்து வைங்க, அதை மட்டும் மறக்காதீங்க.